மருதாணி வேர் மண்

9 ஜூலை 2024, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதி வைக்கும் அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை. இந்த டைரி கெமிக்கல் கம்பெனிக்காரர் ஜனவரியில் லேபில் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு மாதப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்க, நடுவில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல தாளை வீணாக்குகிறேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் லேப் ரெக்கார்டில் எழுத இடமில்லாத ஒன்று இன்று நடந்தது.

சீக்வென்ஸ் வந்துவிட்டது.

ஏழாம் நம்பர் மண்ணிலிருந்து வந்த வெளிர் ஆரஞ்சு பாக்டீரியாக் காலனி. மற்றவை இரண்டு நாளில் பிளேட்டை நிறைத்துவிடும். இது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, ஓரமாக, கடுகைவிடச் சின்னதாக எட்டிப் பார்க்கும். மற்றவற்றோடு இதையும் கொட்டிவிடாமல் திரும்பத் திரும்பத் தனியாகப் பிரித்து ஏன் வளர்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாவமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதன் மரபணுவில் ஒரு துண்டைப் படிக்கப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தோம். கம்ப்யூட்டரில் ஒப்பிட்டால், உலகத்தில் இதுவரை பெயர் வைத்த பாக்டீரியாக்களில் இதற்கு மிக நெருங்கிய சொந்தமே தொண்ணூற்றேழு சதவீதம்தான் ஒத்துப்போகிறது. தொண்ணூற்றெட்டே முக்காலுக்குக் கீழே என்றால் புது இனமாக இருக்கலாம்.

என் கைடு அரவிந்தவல்லி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். சந்தோஷம் வந்தால் அவர் முகம் கோபம் வந்த மாதிரி ஆகிவிடும்.

"மண்ணு எங்கேம்மா எடுத்தே?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல மேடம். மருதாணி வேர்."

"எனக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். எந்தத் தெரு? யார் ஆத்துக் கொல்லை?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எடுத்தது நான் இல்லை. சாயம் தரும் செடிகளின் வேரடி மண்ணில் என்னென்ன வாழ்கிறது என்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். லேபில் என்னோடு இருக்கும் சிவரஞ்சனிக்கு அவுரி, எனக்கு மருதாணி. அவள் மம்சாபுரத்தில் யார் தோட்டத்துக்குள்ளும் நுழைந்து அதிகாரமாகத் தோண்டிக்கொண்டு வருவாள். எனக்கு ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் மருதாணிக்கு அடியில் தோண்டிக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. என் அண்ணன் ஷாநவாஸிடம் கவரும் கரண்டியும் கொடுத்து அனுப்பினேன். மேல் மண் வேண்டாம், ஒரு சாண் தோண்டு, மெல்லிய வேரோடு எடு என்று மட்டும் சொன்னேன்.

"இடம் தெரியாம பேப்பர் இல்லை. கேட்டுண்டு வா," என்றார் மேடம்.

12 ஜூலை, வெள்ளி

அண்ணன் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். அம்மா ரசம் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு மருதாணி மண்ணு எங்க எடுத்த?"

"கபர்ஸ்தான்லதான்."

எங்களைப் பெற்ற அத்தாவை அடக்கிய இடம். அவனே தொடர்ந்தான்: "பெறகு? ஊருக்குள்ள எங்க போய்த் தேடச் சொல்லுத? அத்தா தலமாட்டுல நான் வச்ச மருதாணி நிக்குதுல்ல, அதுலதான் எடுத்தேன். நீ சொன்ன மாதிரி ஒரு சாண் தோண்டி. ஏன்ட்டி, சரியில்லையா?"

சரியில்லையா என்று கேட்கிறான்.

"அத்தாட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்," என்றான் பிறகு, மெதுவாக.

அவன் வெள்ளிக்கிழமைதோறும் போகிறான். ஓதுகிறான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். அவனுக்கு அது போய்வரும் இடம். நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. அத்தாவைத் தூக்கிய சந்தூக்குப் பெட்டி எங்கள் வாசலைத் தாண்டித் தெருமுனையில் திரும்பியது. அதோடு சரி.

அம்மா ரசத்தோடு வந்தாள். அண்ணன் கண்ணாலேயே சொன்னான், சொல்லிராத என்று.

13 ஜூலை, சனி

ஏழாம் நம்பர் பிளேட்டை இன்று திறக்கவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

எனக்குத் தெரியும். வேரடி பாக்டீரியா வேர் கசியும் சர்க்கரையை உண்டு வாழ்கிறது. பதிலுக்கு மண்ணில் உள்ள சத்தைக் கரைத்துச் செடிக்குக் கொடுக்கிறது. பத்து மார்க் கேள்வி, நன்றாகவே எழுதியிருக்கிறேன். செடிக்கு அந்தச் சத்து எதிலிருந்து வந்தது என்று யாரும் பரீட்சையில் கேட்டதில்லை.

அத்தா பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். ஒரு தகரம் காலைக் கிழித்தது. சர்க்கரை வேறு இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "கிருமி ரத்தத்துல கலந்துருச்சும்மா." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மகள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பவர்களிடம் அம்மா "சயின்ஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

18 செப்டம்பர், புதன்

முழு மரபணுவும் வந்தது. புது இனம்தான். இனிச் சந்தேகமில்லை.

சிவரஞ்சனி பெஞ்சில் தாளம் போட்டாள். "ஏட்டி, ஒன் பேரையே வச்சிரு. ரமீஜியான்னு. லத்தீன் மாதிரியேதான இருக்கு."

"கண்டுபிடிச்சவா தன் பேரைத் தானே வச்சுக்கப்படாது. அது மரியாதை இல்லை," என்றார் மேடம்.

"அப்ப எம் பேர வைங்க மேடம். நாந்தான் ஒண்ணுமே கண்டுபிடிக்கலையே."

மேடமே சிரித்துவிட்டார். சிரித்து முடித்து என் பக்கம் திரும்பினார். "இடம் கேட்டியோ?"

"அண்ணன் ஊர்ல இல்ல மேடம்."

அண்ணன் எந்த ஊருக்கும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில் செருப்பு விற்றுக்கொண்டிருக்கிறான்.

3 டிசம்பர், செவ்வாய்

கட்டுரை எழுதி முடியப்போகிறது. மண் எடுத்த இடம் என்ற வரி மட்டும் காலி. அது இல்லாமல் எந்த ஜர்னலும் தொடாது. மார்ச்சோடு ப்ராஜெக்ட் முடிகிறது. அதற்குள் கட்டுரை ஜர்னலில் ஏறாவிட்டால் இந்த வருஷம் எனக்குப் பி.எச்.டி. பதிவு கிடையாது. இடத்தைச் சொன்னால் அம்மா என்ன ஆவாள் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

மேடத்திடம் இன்று சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "உங்க அப்பாவோட..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "தோட்ட மண்ணுன்னு போட்டுடலாமா? யாருக்குத் தெரியப்போறது? பாவம் என் தலையோட போகட்டும்" என்றார்.

எனக்காகத்தான் கேட்டார். ஆனால், "தோட்டம் இல்லையே மேடம்" என்று என் வாயிலிருந்து வந்தது. மேடத்தை நான் மறுத்துப் பேசியது இதுவே முதல் தடவை. யார் பேசியது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"சரி. அப்ப ஜமாஅத்துல அனுமதி கேக்கச் சொல்லு உன் அண்ணாவை. ஆனா அதுக்கு முன்னாடி அம்மாட்ட நீ சொல்லிடணும். வெளியிலேர்ந்து காதுல விழப்படாது."

7 டிசம்பர், சனி

சொல்லவில்லை.

15 டிசம்பர், ஞாயிறு

இன்றும். அம்மா ரவிக்கைகளுக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்ன, வாயத் தொறந்துட்டுத் தொறந்துட்டு மூடுத?"

"கொட்டாவிம்மா."

20 டிசம்பர், வெள்ளி

தொழுகை முடிந்து அண்ணன் ஜமாஅத்துச் செயலாளரிடம் கேட்டிருக்கிறான். நான் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டதில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் நல்லபடியாகத்தான் பேசினாராம். "ஆராய்ச்சின்னா எடுத்துக்கிடுங்க. கபரக் கலைக்கக் கூடாது. பொம்பளப்பிள்ளைக உள்ள வரக் கூடாது." அண்ணன் அங்கேயே போய்ப் போனில் இடத்தையும் குறித்துக்கொண்டு எனக்கு அனுப்பினான். ராஜபாளையம் காலேஜ் லேபிலிருந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு வழியாகச் செய்தி வந்துவிட்டது.

அம்மா லைட் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவிய தலமாட்டுல தோண்டுனீங்களா?"

"அம்மா, அது வந்து—"

"கிருமி எடுத்தியாமே. அவியளத் தின்ன கிருமியவா கண்ணாடித் தட்டுல வச்சு வளத்துட்டு வார? தெனமும் சோறு கட்டிக் குடுத்து அனுப்புனேனே, இதுக்கா?"

அது இல்லம்மா. அது வேற, இது வேற. ஆயிரம் வகை இருக்கும்மா, இது யாரையும் ஒண்ணும் செய்யாது— இதைச் சொன்னேனா? மனசுக்குள்ளேயே சொன்னேனா? வாய் அசைஞ்சது தெரியும். சத்தம் வந்துச்சான்னு தெரியல. அஞ்சு வருஷம் படிச்சது இந்த ஒரு நிமிஷத்துக்கு வேண்டியிருந்துச்சு. ஒரு வார்த்தை வரல.

24 டிசம்பர், செவ்வாய்

அம்மா டிபன் பாக்ஸ் கட்டி ஜன்னலில் வைக்கிறாள். கையில் தருவதில்லை. நான் லேபிலிருந்து வந்ததும் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அண்ணன் மூலம் சொன்னாள். என் சுடிதாரைத் தனி வாளியில் ஊறவைக்கிறாள். டெட்டால் வாசனை வருகிறது.

8 ஜனவரி 2025

புது டைரி வாங்கவில்லை. காலியாகக் கிடந்த முன்பக்கங்களில் எழுதுகிறேன். அச்சிட்ட கிழமை மட்டும் தப்பாக இருக்கிறது.

புது இனம் என்றால் இரண்டு நாடுகளில் உள்ள சேகரிப்பு மையங்களில் அதை உயிரோடு ஒப்படைக்க வேண்டும். புனேயில் உள்ளது ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டில் உள்ள மற்றொன்றுக்கான குழாய்களை இன்று பேக் செய்தேன். அத்தா மதுரையைத் தாண்டிப் போனதில்லை. பேக்கிங் டேப்பை நேராக ஒட்ட முடியவில்லை. சிவரஞ்சனி என் கையிலிருந்து வாங்கி ஒட்டினாள்.

11 பிப்ரவரி

கட்டுரை போன மாதமே அனுப்பியாகிவிட்டது.

நாளை மறுநாள், இறந்தவர்களுக்காக ஓதும் பராஅத் இரவு. அதற்கு முன்னால் கபர்ஸ்தானைச் சுத்தம் செய்வது வழக்கம். பிள்ளைகள் மண்வெட்டியோடு போவார்கள். இந்த வருஷம் யாரோ ஜேசிபி ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். அண்ணன் சாயங்காலம் தலையெல்லாம் தூசியாக வந்தான்.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: "மருதாணி எப்படி இருக்குலே?"

"நல்லா நிக்குதும்மா."

சொல்லிவிட்டு நேரே குளிக்கப் போய்விட்டான். அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் மருதாணி என்ற சொல்லை மறுபடி அவள் வாயில் கேட்டேன்.

19 மார்ச்

நோன்பு நேரம். நாக்கு வறண்டிருக்கும்போது இந்தப் பதிலும் வந்தது. கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவருக்குத் திருப்தி. இன்னொருவர், ஒரே ஒரு ஸ்ட்ரெயினை, தனியாகப் பிரித்த ஒரே ஒரு வகையை, வைத்து ஓர் இனத்தை எப்படி ஏற்பது, அதே இடத்தில் மறுபடி மண் எடுத்து இன்னொன்றையும் பிரித்துக் காட்டுங்கள் என்கிறார். நியாயமான கேள்விதான்.

நோன்பு திறக்கும்போது அண்ணனிடம் சொன்னேன். கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"நோம்பு முடியட்டும். பொறவு பாப்போம்."

11 ஏப்ரல், வெள்ளி

ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. இந்த வேலை முடியும்வரை லேபுக்கு வந்துபோகலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

கையுறை, கரண்டி, ஐஸ் பெட்டி எல்லாம் கொடுத்து அண்ணனை அனுப்பினேன். மத்தியானம் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். சாப்பிடக்கூட இல்லை.

12 ஏப்ரல், சனி

கவரைப் பிரித்தேன். முதல் மண் சாம்பல் நிறமாக, மாவு போல இருந்தது. இது சிவப்பு. வேர் மருதாணி வேர்தான். வேரில் டீத்தூள் சக்கை ஒட்டியிருந்தது. கூடவே வெள்ளையாக ஒரு சில்லு.

"என்னம்மா அது?" என்று மேடம் குனிந்தார்.

"முட்டை ஓடு மேடம்."

"பெருமாளே!" ஒரு அடி பின்னால் போய்விட்டார். கையுறை போட்டிருந்தும் போய்க் கையைக் கழுவினார். சிவரஞ்சனி ஆட்டோகிளேவ் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே புரிந்தது. இது யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக் கொல்லை. கபர்ஸ்தானில் ஏது முட்டை ஓடு?

திரும்பி வரும் பஸ்ஸில் எப்போதும் உட்காராத பக்கம் உட்கார்ந்தேன். கபர்ஸ்தான் சுவர் வந்ததும் எழுந்து நின்று பார்த்தேன்.

"எறங்கணுமாம்மா?" என்றார் கண்டக்டர்.

உள்ளே ஒரு செடி இல்லை. சரளை மண் கொட்டி, நிரவி, விளையாட்டு மைதானம் மாதிரி மட்டமாக இருந்தது. மீசான் கல் நட்ட கபர்கள் மட்டும் ஓரமாகத் தெரிந்தன. அத்தாவுக்கு நாங்கள் கல் வைக்கவில்லை. மருதாணிதான் அடையாளம்.

"இல்லண்ணே, எறங்கல," என்று உட்கார்ந்தேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

மேடத்திடம் சொன்னேன். அந்தச் செடி இல்லை, இந்த மண் அந்த இடத்து மண் இல்லை, இதிலிருந்து எது வளர்ந்தாலும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று.

"உன் அண்ணாட்ட கேட்டியோ?"

"கேக்கல மேடம். கேக்க மாட்டேன்."

மேடம் தலையாட்டினார். "இடம் மாறிப்போச்சு, மறுபடி எடுக்க முடியலைன்னு உள்ளதை உள்ளபடி எழுதிடுவோம். நிராகரிச்சா நிராகரிக்கட்டும்."

அண்ணன் போனில் குறித்துத் தந்த இடம் கட்டுரையில் எண்களாக இருக்கிறது. அதை மேப்பில் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளி வந்தது. போன் காட்டும் புள்ளி சில மீட்டர் அப்படி இப்படி இருக்கும், எங்கள் வேலையில் அது பரவாயில்லை. அந்தச் சில மீட்டருக்குள் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்.

25 ஏப்ரல், வெள்ளி

"அத்தாவுக்கு சலாம் சொன்னியாலே?" என்று அம்மா கேட்டாள்.

"தலமாட்டுல நின்னு ஓதிட்டுத்தாம்மா வாரேன்," என்றான்.

எந்தத் தலமாடு அண்ணே?

16 மே

நிராகரித்துவிட்டார்கள்.

2 ஜூன்

இந்த வருஷம் பி.எச்.டி. பதிவு இல்லை என்று ஆகிவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் சேர்ந்திருக்கிறேன். சிறுநீர், சளி, புண்ணில் எடுத்த சீழ். இரண்டு நாளில் வளர்ந்துவிடும். இங்கே வளர்வதெல்லாம் ஏற்கெனவே பெயர் உள்ளவை. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுன்டரில் நின்று, "கிருமி இருக்காம்மா?" என்று கேட்கிறார்கள். காகிதத்தை மடித்து டாக்டரிடம் காட்டச் சொல்லிவிடுகிறேன்.

மேடம் கட்டுரையை இன்னொரு சின்ன ஜர்னலுக்கு அனுப்பியிருக்கிறார்.

26 ஆகஸ்ட்

மேடம் போன் செய்தார். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரே ஸ்ட்ரெயின்தான், இடம் அழிந்துவிட்டது என்பதையும் சேர்த்தே போடுகிறார்கள்.

"பேரைக் கடைசியா ஒரு தடவை உறுதி பண்ணிக் குடுக்கணும். உங்க அப்பா பேரை வைக்கணும்னா இப்ப சொல்லு. நான் வச்சுடறேன், அதுல தப்பில்லை."

அத்தாவின் பெயர் சேக் முகைதீன். லத்தீன் விகுதி சேர்த்து எப்படி வரும் என்று எனக்கு எப்போதோ தெரியும். பிளேட் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவியளத் தின்ன கிருமிக்கு அவிய பேரையேவா?

"வேண்டாம் மேடம். மருதாணியோட பேரே இருக்கட்டும்."

11 செப்டம்பர், வியாழன்

கட்டுரை அச்சாகிவிட்டது. மத்தியானம் மேடம் போனில் அனுப்பியிருந்தார். லேபில் திறக்கவில்லை. பஸ்ஸிலும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பின்பக்கம் குளித்துவிட்டு, மஃரிப் தொழுத பிறகு திறந்தேன்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா என்னோடு பேச ஆரம்பித்துக் கொஞ்ச நாளாகிறது. உப்பு போதுமா, பஸ் வந்துச்சா, அம்புட்டுதான். இன்று நானே எடுத்தேன்.

"அம்மா, அது அச்சுல வந்துருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் கபர்ஸ்தான், மருதாணி வேருன்னு அப்படியே போட்டுருக்கு. அது அத்தாவ ஒண்ணும் செஞ்சது இல்லம்மா. செடி வேருல இருந்துக்கிட்டு, மண்ணுல இருக்க சத்தக் கரைச்சு அதுக்குக் குடுக்கும். அம்புட்டுதாம்மா அதோட வேல."

போன டிசம்பரில் வராத சத்தம் இன்று வந்தது. போனை அம்மா பக்கம் நீட்டினேன்.

அம்மா இடது கையால் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முழுக்க இங்கிலீஷ். விரலை அதன் மேல் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு என்ன வச்சிருக்கு?"

"மருதாணி பேருதாம்மா."

போனைத் திருப்பித் தந்தாள். என் கையில் தந்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "அது இப்ப எம்புட்டு ஒசரம் வந்துருக்கும்லே?" என்றாள்.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந் தோளு ஒசரம்மா."

"பரவால்லையே," என்று சொல்லிவிட்டு அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். பானை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான். காதோரம் சிவந்திருந்தது. ஏப்ரலிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை அவள் திரும்பி வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

"அண்ணே. பஸ்ல இருந்து நான் பாத்துட்டேன். எந்த இடம்னு நீ காட்ட வேண்டாம். கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிடுதேன். லேபுக்கு லீவு சொல்லிட்டேன். நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு நீ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ."